மேக்னெட்டோவில் கொக்கி விழும் சத்தம்

கதிர்,

நேற்று மதியம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "சரியாக் கேக்கலப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். உன் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிவாகத்தான் கேட்டது. அடுப்படியிலிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்து, "டவர் ஃபுல்லா இருக்குது, பையன்கிட்ட ஏங்க பொய் சொல்றீங்க?" என்றாள். வாசலுக்குப் போய், ஈ.சி.ஆரில் புதுச்சேரிப் பக்கம் போகிற கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்தாறு வயதில் வருகிற அசதி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது பயம். ஒரு வாரமாகப் பயத்தோடுதான் சாப்பிடுகிறேன், பயத்தோடுதான் பள்ளிக்கூடம் போய் வருகிறேன்.

நீ கேட்டது சின்னக் கேள்வி. "தாத்தா டிராக்டருக்கு அந்தப் பழைய மேக்னெட்டோவையே மாட்டிடலாமா, இல்ல இப்ப இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டரே இருக்கட்டுமா? நீதாம்ப்பா பிசிக்ஸ் வாத்தியார், ஒரு வார்த்தை சொல்லு." இருபத்தெட்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்காந்தத் தூண்டல் நடத்துகிற எனக்கு அது கரும்பலகையில் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைக் கடக்க எனக்கு முப்பது வருடம் போதவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்தில் உன் சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் அந்த வண்டியைக் கிளப்பிப் பார்க்கப் போகிறாய். அதற்குப் பத்து நாள் கழித்து, பெண்ணழைப்புக்கு வித்யாவை அதன் பின்னால் டிரெய்லர் கட்டி அழைத்து வர வேண்டும் என்பது உன் ஆசை. கார் வைத்துக்கொள் என்று நான் சொன்னபோது, "எல்லாரும் கார்லதாம்ப்பா வர்றாங்க" என்றாய். ஞாயிற்றுக்கிழமை நீ அந்த வண்டியின் முன்னால் குனிந்து, இன்ஜினைக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலைச் சுற்றப் போகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பேசினால் நடுவில் பொய் சொல்லிவிடுவேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். அம்மா படிக்கட்டும், வித்யா படிக்கட்டும். படித்து முடித்ததும் உன் சித்தப்பாவுக்கும் அனுப்பிவிடு.

முதலில் நீ கேட்டதைச் சொல்கிறேன். நம் வண்டி பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய வெளிநாட்டு வண்டி. அதற்கு ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் ஒரு பொறி வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும், காயில் என்கிற கம்பிச் சுருள் அதைப் பெரிதாக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் பொறி விழுகிற நான்கு பிளக்குக்கும் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும். மேக்னெட்டோவுக்குப் பேட்டரி வேண்டாம். உள்ளே காந்தம் இருக்கிறது. இன்ஜின் சுற்றினால் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அந்தக் காலத்தில் நம் உப்பளத்தில் கரண்டும் கிடையாது, பேட்டரி சார்ஜ் போடத் திண்டிவனம் போக வேண்டும். அதனால் மேக்னெட்டோ எங்களுக்கு வசதியாக இருந்தது. பெல்ட் மாட்டி, அந்த வண்டியால்தான் உப்புத்தண்ணீரைப் பாத்திக்கு இறைப்போம்.

இரண்டும் கெட்டுப்போகிற விதம்தான் முக்கியம். கடற்காற்றில் எந்த ஒயரும் ஒருநாள் பச்சை பூத்து அறுந்துபோகும். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒயர் அறுந்தால் வண்டி செத்துவிடும், நீ திட்டிக்கொண்டே பேட்டரியைப் பார்ப்பாய், அவ்வளவுதான். மேக்னெட்டோவில் அணைப்பது என்பதே ஒரு ஒயரை இன்ஜின் பாடியோடு சேர்ப்பது. அந்த ஒயர் அறுந்தால் சுவிட்ச் அணைந்திருப்பதாகக் காட்டும், உள்ளே உயிர் இருக்கும். யாராவது சும்மா ஹேண்டிலைத் திருப்பினால்கூடப் பிடித்துக்கொள்ளும். இது ஒரு பயம். இதைவிடப் பெரியது இன்னொன்று இருக்கிறது.

கையால் மெதுவாகச் சுற்றும்போது மேக்னெட்டோவால் நல்ல பொறி தர முடியாது. அதற்காக அதன் முன்பக்கம் இம்பல்ஸ் கப்ளிங் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் ஒரு சின்னக் கொக்கி, ஒரு ஸ்பிரிங். நீ ஹேண்டிலைச் சுற்றும்போது கொக்கி காந்தத்தை ஒரு நொடி பிடித்து நிறுத்தி வைக்கும், பிஸ்டன் மேலே போய் உச்சியைத் தாண்டியதும் சட்டென்று விட்டுவிடும். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அப்போது வருகிற பொறி பலமாகவும் இருக்கும், தாமதமாகவும் இருக்கும். அந்தத் தாமதம்தான் உன் கையைக் காப்பாற்றுகிறது. கொக்கி ஒட்டிக்கொண்டு அசையாமல் போனால், பொறி முன்கூட்டியே வரும். பிஸ்டன் பாதியில் இருக்கும்போதே உள்ளே வெடிக்கும், இன்ஜின் பின்பக்கமாகத் திரும்பும். உன் கையில் இருக்கிற இரும்பு ஹேண்டிலும் அதோடு திரும்பும். சாதாரணமாக, காந்தம் பழசாகி வலு குறைந்திருந்தால் மெதுவாகச் சுற்றும்போது பொறியே வராது, ஆபத்தும் இல்லை. காந்தம் புதிதாக ஏற்றப்பட்டிருந்தால் வரும்.

நீ சென்னையில் காந்தம் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாய்.

போன செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மேக்னெட்டோவை மேஜைமேல் வைத்துக் கையால் சுற்றுகிறாய். ஒயர் முனையில் நீலமாகப் பொறி தாவுகிறது. நீ சிரிக்கிறாய். "பாருப்பா, லேசாச் சுத்தினாலே ஷாக் அடிக்குது. கப்ளிங்கைக் காந்தம் ஏத்தினவர் திறக்கவே இல்ல. மூடி ஓரத்துல அப்படியே எண்ணெய்ப் பிசுக்கா இருக்குது, இந்தக் காத்துல ஒரு பொட்டு துரு இல்ல பாரு, அந்தக் காலத்து ஆளுங்க எப்படி வச்சிருக்காங்க" என்கிறாய். நான் சத்தத்தை முழுதாக வைத்து, போனைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். உன் சிரிப்பு கேட்டது. காக்கை கத்துவது கேட்டது. 'டக்' கேட்கவில்லை.

அந்தப் பிசுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன் உன் சித்தப்பா சேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவனைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நீ சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். புதுமனை புகுவிழாப் பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுக்காமல் டி.வி. மேல் வைத்துவிட்டுப் போனான் என்று சொன்னேன். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது வந்து, மோட்டார் காயில் எரிந்துபோனதைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினான் என்று சொன்னேன். உன் தாத்தா பெரியவனான என்னை விட்டுவிட்டு உப்பளத்தை அவன் கையில் கொடுத்தார், "நீ படிச்சவன், உனக்கு எதுக்குடா வெயில்" என்று என்னை வெளியே தள்ளினார் என்று, பொங்கலுக்குப் பொங்கல் சொன்னேன். எனக்கு மறதி கிடையாது. தலைமையாசிரியர் பதவி எனக்கு வராமல் போன கதையையும், நிச்சயதார்த்தத்தில் வித்யாவின் அப்பா என்னை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்ததையும்கூட இன்னும் உள்ளே வைத்திருக்கிறேன். மனக்குறைகளை நான் பத்திரமாகத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்கிறவன். சேகர்மேல் இருந்த குறைதான் அவற்றில் பழையது, பெரியது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று நான் திறந்து காட்டியதே இல்லை.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எம்.எஸ்சி. முடித்து வேலைக்காகக் காத்திருந்தேன். சேகருக்கு இருபத்திரண்டு. அவனுக்கு மாசி மாதம் போலீஸ் செலக்‌ஷன். விடிந்தும் விடியாமல் கடற்கரை மணலில் ஓடிவிட்டு வருவான். கயிறு ஏறிப் பழகுவதற்குக் கொட்டகை விட்டத்தில் ஒரு வடக்கயிறு கட்டியிருந்தான். காலை உபயோகிக்காமல் கையாலேயே மேலே போய் விட்டத்தைத் தட்டிவிட்டு இறங்குவான். அந்த விட்டத்தில் கயிறு தேய்த்த தடம் இன்னும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அண்ணாந்து பார். உப்பளத்தில் அவனுக்கு விருப்பமே இல்லை. எனக்குத்தான் இருந்தது. உத்தியோகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அளம் என் பொறுப்பில் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் தொடங்கினால் அளத்தில் வேலை இல்லை. வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி மூடிவிடுவோம். அந்த வருடம் மேக்னெட்டோவுக்குப் புதிதாகக் காந்தம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். உப்புக் காற்றில் அது கெட்டுவிடக் கூடாது என்று நான் மிகவும் யோசித்தேன். நம் பக்கத்து மீனவர்கள் படகுக்குப் புன்னை எண்ணெய் பூசுவார்கள். அது மரத்தில் ஊறி இறுகிவிட்டால் உப்பு உள்ளே போகாது. மரத்தைக் காப்பாற்றுகிறது என்றால் இரும்பைக் காப்பாற்றாதா என்று நினைத்தேன். படித்தவன் மூளை அப்படித்தான் ஓடியது. மெக்கானிக் யாரையும் கேட்கவில்லை. கடற்கரைக்குப் போய் ஒரு டப்பா வாங்கி வந்து, இம்பல்ஸ் கப்ளிங்கைத் திறந்து உள்ளே தாராளமாக ஊற்றி மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. தை மாதம் எல்லார் வண்டியும் துரு பிடித்துக் கிடக்கும்போது நம் வண்டி ஒரே சுற்றில் கிளம்பும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். மூன்று மாதத்தில் அந்த எண்ணெய் பிசினாகிவிடும் என்று எனக்குத் தெரியாது.

தை பிறந்து முதல் தண்ணீர் இறைக்கிற நாள். நம் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு, உன் சித்தி இன்னும் அதை விடவில்லை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, இன்ஜின் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். கற்பூரம் அணைவதற்குள் இன்ஜின் பிடித்துவிட வேண்டும். பிடிக்காவிட்டால் அந்த வருடம் உப்பு கருக்கும் என்று பேச்சு. தாத்தா கற்பூரம் ஏற்றினார். பாத்தி வேலைக்கு வந்த ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். சேகர்தான் எப்போதும் ஹேண்டில் போடுவான். சுவிட்சைப் போடாமல் பெட்ரோல் இழுப்பதற்காக இரண்டு சுற்றுச் சுற்றினான். நின்றான். என்னைப் பார்த்தான்.

"அண்ணா, டக்குன்னு சத்தம் வரலையே."

"எல்லாம் பார்த்தாச்சு. சுத்து."

"இல்லண்ணா, ரெண்டு சுத்து சுத்திட்டேன். கொக்கி விழல. ஒரு நிமிஷம் கழட்டிப் பார்த்துடலாம்."

கற்பூரம் பாதி எரிந்திருந்தது. தாத்தா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். கழற்றினால் எண்ணெய் தெரிந்துவிடும், கற்பூரமும் அணைந்துவிடும். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்: "பத்தாங்கிளாஸை மூணு தடவை எழுதினவன் எனக்கு மேக்னெட்டோ சொல்லித் தர்றியா? சுத்துடா."

எல்லாரும் சிரித்தார்கள். சேகரும் சிரித்தான். "சரிங்க சார்" என்று கேலியாகச் சல்யூட் அடித்துவிட்டுக் குனிந்தான். நான் சுவிட்சைப் போட்டேன்.

ஹேண்டில் திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை. அந்த வேகம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சத்தம் கேட்டது, ஈரவிறகு ஒடிவதுபோல. சேகர் உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கத்தவில்லை. "அண்ணா" என்று ஒருமுறை மட்டும் சொன்னான். அவன் முன்னால் கற்பூரம் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் தாத்தா என்னைக் கேட்டார், "எப்பிட்றா ஆச்சு?"

ஹேண்டில் போடுகிறவன் கட்டை விரலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். திரும்பி அடித்தால் கை நழுவி வந்துவிடும். அளத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. நான் சொன்னேன்: "கட்டை விரலைச் சுத்திப் பிடிச்சிருந்தாம்ப்பா. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

சேகர் கட்டிலில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தான். அவன் விரல் சரியாகத்தான் இருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவனுக்கும் தெரியும். என்னைப் பார்த்தான், பிறகு கூரையில் ஓடுகிற ஃபேனைப் பார்த்தான். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே உடைந்திருப்பேன் என்று பல வருடம் அவன்மேலேயே கோபப்பட்டேன். அந்தக் கோபத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

எலும்பு கோணலாகக் கூடியது. செலக்‌ஷனுக்கு அவன் போகவே இல்லை. ஊரில் 'கட்டைவிரல் சேகர்' என்று பெயர் வந்தது. இன்றைக்கும் யாராவது ஒரு பையனுக்கு பம்ப்செட் ஹேண்டில் போடச் சொல்லித் தந்தால், "கட்டைவிரலு மாதிரி புடிச்சுக்காதடா" என்பார்கள். நீயே ஏழெட்டு வயதில் அவனை அப்படிக் கூப்பிட்டாய், அம்மா உன் வாயிலேயே போட்டாள், ஞாபகம் இருக்கிறதா? நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வேறு வேலைக்குப் போக முடியாத பிள்ளைக்கு ஒரு பிழைப்பு வேண்டும் என்றுதான் தாத்தா அளத்தை அவனுக்குக் கொடுத்தார். என் கைக்கு வரவேண்டியது அவன் கைக்குப் போனது என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அந்தக் கையை ஒடித்தவன் நான்.

விபத்துக்குப் பிறகு தாத்தா மேக்னெட்டோவைப் பார்க்கவே பிடிக்காமல், டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டச் சொன்னார். மேக்னெட்டோவை நான்தான் கழற்றினேன். தனியாக இருக்கும்போது கப்ளிங்கைத் திறந்து பார்த்தேன். வேப்பம்பிசின் போலப் பழுப்பாக இறுகியிருந்தது. கொக்கியை விரலால் தள்ளினேன், அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டிருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் கழுவினால் யாராவது ஏன் கழுவுகிறாய் என்று கேட்பார்கள் என்று பயந்தேன். மூடினேன். சாக்கில் சுற்றிப் பரணில் போட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரோடு வண்டி சில வருடம் ஓடியது. பிறகு அளத்துக்குக் கரண்டு வந்தது, வண்டி கொட்டகையில் நின்றுவிட்டது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நீ பரணில் ஏறி அந்தச் சாக்கை எடுப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

இனி ஹேண்டில் விஷயம். சனிக்கிழமை நீ போய்த் தேடியபோது ஹேண்டில் இல்லை. "சித்தப்பாதாம்ப்பா எங்கியோ வச்சுட்டு மறந்துட்டாரு" என்றாய். நான் என்ன சொன்னேன்? "அவன் எப்பவுமே அப்படித்தான்." கதிர், ஹேண்டில் என்னிடம் இருக்கிறது. நம் வீட்டில், என் கட்டிலுக்கு அடியில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது.

உன் வீடியோவைப் பார்த்த மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மரக்காணம் போனேன். சேகர் அளத்தில் இருப்பான் என்று கணக்குப் போட்டு மதியத்தில் போனேன். உன் சித்தி தூங்கிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் நுழைந்து ஹேண்டிலை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் சேகர் டி.வி.எஸ்.ஸை நிறுத்திக்கொண்டிருக்கிறான். துண்டுக்கு வெளியே இரும்பு ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"டீ சாப்பிட்டுப் போண்ணா."

"வேணாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"வெயிட்டா இருக்குமே. உக்காரு, பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்."

பின்னால் உட்கார்ந்தேன். திருடிய ஹேண்டில் என் மடியில். அவன் வலது மணிக்கட்டால் ஆக்சிலேட்டரைத் திருக முடியாது, உள்ளங்கையின் ஓரத்தால் அழுத்தித் தள்ளுவான், நீ பார்த்திருப்பாய். வழி முழுதும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பையன் கேட்டா நான் பார்த்துக்கறேன்."

பஸ்ஸில் கண்டக்டர் துண்டைத் தட்டிப் பார்த்து, "என்னா சார் இது, துப்பாக்கியா?" என்றார். "டிராக்டர் ஹேண்டில்" என்றேன். "டிராக்டரை எங்க விட்டீங்க?" என்றார். பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நான் இறங்க வேண்டிய கீழ்புத்துப்பட்டு வரும்வரை நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நேற்று நீ போனில் முதலில் சொன்னது ஹேண்டிலைப் பற்றித்தான். "சித்தப்பாகிட்டக் கேட்டேம்ப்பா. 'ஆமாண்டா, நான்தான் எங்கியோ போட்டுட்டேன், வயசாயிடுச்சு'ன்னு சொன்னாரு." அதாவது மறுபடியும் எனக்காக அவன் வாங்கிக்கொண்டான். பிறகு நீ சொன்னாய், வெல்டரிடம் புது ஹேண்டிலுக்குச் சொல்லியிருப்பதாகவும், சனிக்கிழமை வந்துவிடும் என்றும், ஞாயிறு காலை சித்தி கற்பூரம் ஏற்றப் போகிறாள் என்றும். மேக்னெட்டோவா டிஸ்ட்ரிபியூட்டரா என்று சித்தப்பாவிடம் கேட்டதற்கு, "உங்கப்பாவைக் கேளு, அது அவருக்குத்தான் தெரியும்" என்றானாம். நீ அதைச் சாதாரணமாகச் சொன்னாய். எனக்குக் காது அடைத்துவிட்டது. அப்போதுதான் 'சரியாகக் கேட்கவில்லை' என்று வைத்தேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. சொல்லியிருந்தால் உன் கை தப்பும், என் மானமும் தப்பும். மேக்னெட்டோ மறுபடி பரணுக்குப் போகும். ஆனால் உள்ளே அந்தப் பிசினோடுதான் போகும். நான் இல்லாத ஒருநாள் உன் பிள்ளை அதைக் கீழே இறக்கி, துருவே இல்லை என்று சந்தோஷப்படுவான். அதனால் பயத்தில் வருகிற பதிலை நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். வருடத்தில் பதினொரு மாதம் சும்மா நிற்கப் போகிற வண்டிக்குப் பேட்டரி தாங்காது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் கடற்காற்று ஈரம் கோத்துக்கொண்டு நல்ல நாளில் காலை வாரும். டைமிங் தப்பாக வைத்தால் அதுவும் ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும். நம் வண்டிக்கு மேக்னெட்டோதான் சரி. கப்ளிங்கைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கொக்கி தானாக விழும்வரை கழுவினால் சரி. அணைக்கிற ஒயரைப் புதிதாக இழுத்தால் சரி. புன்னை எண்ணெய் படகோடு இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். பக்கத்தில் நிற்கிறவர் "சத்தம் வரவில்லையே" என்று சொன்னால் நிறுத்து. வித்யா சொன்னாலும் நிறுத்து, உன்னைவிடக் குறைவாகப் படித்தவன் என்று நீ நினைக்கிறவன் சொன்னாலும் நிறுத்து. எத்தனை பேர் சுற்றி நின்றாலும், கற்பூரம் அணையப் போகிறது என்று யார் பதறினாலும், நிறுத்திவிட்டுக் கழற்றிப் பார். உள்ளே இருப்பது உன் தவறாக இருந்தால் எல்லார் முன்னாலும் இருக்கட்டும். அந்த ஒரு நிமிட அவமானத்தைத் தள்ளிவிட்டதற்கு நான் என்ன கொடுத்தேன் என்று பார்த்துவிட்டாய். நான் கொடுத்தது என் கையைக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். ஹேண்டிலைத் துண்டில் சுற்றாமல் எடுத்துக்கொண்டு வருகிறேன். வெல்டர் செய்ததைத் தொடாதே. நான் வருமுன் வண்டியின் நான்கு பிளக்கையும் கழற்றி வெளியே வைத்துவிடு, பிளக் இல்லாவிட்டால் உள்ளே எதுவும் வெடிக்காது. கற்பூரம் ஏற்ற வேண்டாம் என்று சித்தியிடம் சொல். ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. சேகர் என்னை வீட்டுக்குள் விடுவானா என்று எனக்குத் தெரியாது. விடாவிட்டால் கொட்டகை வாசலில் நிற்கிறேன். அவன் என்ன சொல்லப் போகிறான் என்ற பயம்தான் இப்போது உன் கையைப் பற்றிய பயத்தோடு சரிக்குச் சரி நிற்கிறது. ஆனால் கப்ளிங்கைக் கழுவ வேண்டியவன் நான், மற்றவர்கள் பார்க்கும்போது கழுவ வேண்டும்.

கழுவி மாட்டிய பிறகு முதல் சுற்று நான் சுற்றுகிறேன், கட்டை விரலை மற்ற விரல்களோடு வைத்து. நீ என் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதே. சேகரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள். கொக்கி விழுகிறதா என்று அவனைக் கேள். கேட்கிறது என்று அவன் வாயால் சொன்ன பிறகு பிளக்கை மாட்டு. அன்றைக்கும் அவனுக்குத்தான் சரியாகக் கேட்டது.

அப்பா